பிறந்த வீட்டுக் கோடி

கூட்டத்துக்கு நாற்காலி போடுவதைச் சின்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஐயா. யார் நடுவில் உட்காருகிறார், யார் அவருக்கு வலப்பக்கம், யாருக்கு நாற்காலியே இல்லை என்பதைப் பார்த்தால் ஒரு சங்கம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ஹட்டன் காரியாலயத்தில் பல வருடங்களாக அந்த வேலையைச் செய்தவன் நான். அதற்கு முன் வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெயர் சூசைரட்ணம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறியதில்லை. குடிப்பதில்லை. இதையெல்லாம் நீங்கள் முதலிலேயே எழுதிக்கொண்டால் நல்லது. பிறகு எழுத இடம் இருக்காது.

லாறி டிரைவர் கஸ்பர் உங்களிடம் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும். தலைவர் சொல்லித்தான் நான் இதைச் செய்தேன் என்கிறான். அது பொய். தலைவர் எதுவும் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தை நான் கொடுப்பதே அந்த ஒரு திருத்தத்துக்காகத்தான்.

விஷயத்தை நடந்தபடி சொல்கிறேன். தோட்டத்துச் சனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லாமல் போய் வருடக் கணக்காகிறது. நாங்களாக ஓட்டுப் போட்டு யாரையும் கொழும்புக்கு அனுப்ப முடியாது. ஆனால் மேல்சபையான செனட்டுக்குப் போகச் சனங்களின் ஓட்டு வேண்டியதில்லை. கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் கொடுத்தால் போதும். அரசாங்கம் எங்கள் சங்கத்துக்கு ஓர் ஆசனம் கொடுத்தது. தலைவர் அதில் ஆண்டியப்பனை உட்கார வைத்தார்.

ஆண்டியப்பன் அக்கரப்பத்தனைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்து ஆள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கை. நன்றாகப் பேசுவார். செனட்டர் ஆன பிறகும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. அவருடைய ஒரே தங்கை வீரம்மா அங்கேதான் கொழுந்து பறித்தாள். தாய் தகப்பன் இல்லை. அண்ணனும் தங்கையும் மட்டும்தான். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இப்போதும் அவர் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை.

அந்த மாதம் செனட்டுக்கு ஒரு மசோதா வந்தது. தோட்டத்துப் பதிவில் வேலைப் பெயர் இல்லாதவர்களை, அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளை விட்டு வெளியேற்றத் தோட்டத் துரைமாருக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதா. வேலை ஓய்ந்த கிழவர்கள், புருஷன் செத்தவர்கள், வேலைநிறுத்தத்தில் பெயர் வெட்டப்பட்டவர்கள் எல்லோரும் அதில் அடங்குவார்கள். நல்ல மசோதா என்று நான் சொல்லவில்லை. ஆனால் செனட்டில் அரசாங்கத் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் தலைவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சங்கத்து ஆள் ஆதரித்தால், அல்லது சும்மா இருந்தால், அடுத்துக் காலியாகும் ஆசனம் தலைவருக்கே. தலைவர் மட்டும் அந்தச் சபைக்குள் போய்விட்டால் இப்படிப்பட்ட மசோதாக்களைப் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

கணக்கு மிக நெருக்கமாக இருந்தது. ஆண்டியப்பன் எதிர்த்து ஓட்டுப் போட்டால் மசோதா ஒரே ஓட்டில் விழும். அவர் வராமல் இருந்தால் இரண்டு பக்கமும் சமனாகும். சமனானால் சபைக்குத் தலைமை வகிப்பவர் தம் ஓட்டை அரசாங்கத்துக்குப் போடுவார். ஆக, வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மனிதர் ஒரு நாற்காலியில் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் எல்லாம்.

திங்கட்கிழமை ஆண்டியப்பன் காரியாலயத்துக்கு வந்தார். தலைவருக்கு எதிரில் நின்றபடியே பேசினார்.

"நான் எதுத்துத்தான் போடுவேங்க தலைவரே. எந் தங்கச்சியோட மாமனாரு நடக்க முடியாம லயத்துல கெடக்காரு. இது சட்டமானா அவர எங்க கொண்டு போய்ப் போடுறது? றோட்டுலயா?"

"ஆண்டியப்பா, அந்த ஆசனம் ஒனக்கு எப்படி வந்துச்சுன்னு மறந்துட்டுப் பேசாத."

"மறக்கலைங்க. திருப்பிக் கேட்டா குடுத்துடுறேன். வெள்ளிக்கெழமைக்கு அப்புறமா." சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "என்னா சூசை, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒங்க தலைவரு என்னைத் தின்னுற மாட்டாரு."

அவர் போன பிறகு தலைவர் எழுந்து போய் மழைக்கு ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கெழமை அந்தாளு கொழும்புல இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது சூசை." அடுத்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அவ்வளவுதான், ஐயா. இதில் கட்டளை எங்கே இருக்கிறது? ஒரு மனிதர் தம் மனதில் பட்டதைச் சொன்னார். எது தலைவருக்கு வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்ல வைக்காமல் அறிந்துகொள்வதுதான் என் வேலை. அவர் சொல்லித்தான் செய்ய வேண்டுமென்றால் அதற்கு எந்தக் கிளார்க்கும் போதும்.

நான் முரடன் அல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சங்கத்தில் ஒழுங்கு வேண்டும். வட்டவளையில் நல்லமுத்து எங்கள் ஆட்களை வேறு சங்கத்துக்கு இழுத்தபோது, கஸ்பரும் இன்னும் இருவரும் அவனைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் கொண்டுபோய் முழங்காலை உடைத்தார்கள். இரும்புக் குழாயால். இரண்டு அடியில் முடிந்திருக்க வேண்டும். எலும்பு வெளியே வந்த பிறகும் கஸ்பர் நிறுத்தவில்லை, நான்தான் போதும் என்றேன். லாறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் நான்தான். அந்தப் பகுதியில் அதன் பிறகு யாரும் சங்கம் மாறவில்லை. கினிகத்தேனையில் ஒரு கடைக்காரன் எங்கள் கூட்டத்துக்குக் கதவடைத்தான். அவன் கடை எரிந்தது. அவன் காதில் கொஞ்சம் தீப்பட்டது. மறுமாதம் அவனே மேடைக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குக் கொடுத்தான். இப்படிப்பட்ட காரியங்களில் எனக்கு இன்பம் எதுவும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்பு எடுத்ததைப் போலத்தான்.

ஆண்டியப்பன் விஷயத்தில் இந்த வழி பயன்படாது. கை காலை உடைத்தால் கட்டுப் போட்டுக்கொண்டாவது கொழும்புக்குப் போவார். அந்தக் கட்டோடு செனட்டில் எழுந்து நின்றால் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம் வரும். தண்டவாளத்தில் மரத்தைப் போட்டால் காரில் போவார். ஆளையே முடித்துவிட்டால் மலைநாடு முழுக்க வேலைநிறுத்தம், ஊர்வலம். தலைவருக்கு அது பெரிய தலையிடி. அதனால் அண்ணன் உடம்பில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவர் தாமாகவே போகாமல் நிற்க வேண்டும்.

போன மாரியில் வட்டவளையில் ஒரு சாவுக்குச் சங்கத்தின் சார்பில் மாலை கொண்டுபோயிருந்தேன். கலியாணமான பெண். பாடை கட்டியாயிற்று, குழி வெட்டியாயிற்று, தப்பு அடித்து அடித்துத் தோல் தளர்ந்துவிட்டது. தூக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "பொறந்த வீட்டுக் கோடி வரலீங்களே சார்" என்றார்கள். அவளுடைய அண்ணன் எங்கோ தொலைவில் வேலை செய்கிறான். அவன் வந்து தன் கையால் புதுப்புடவையைப் போர்த்தினால்தான் தூக்கலாம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஈ விரட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கள் வேதத்தில் இந்த வழக்கம் இல்லை. அதனால் நன்றாகக் கவனித்தேன். உடன்பிறந்தவள் செத்தால் எந்தக் காரியமும் அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. வேறு யாரும் அவனுக்குப் பதிலாகப் போர்த்தவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். அவசரப்பட்டு முடிவெடுத்தவன் அல்ல நான்.

புதன்கிழமை கஸ்பரிடம் சொன்னேன். அவன் லாறிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான்.  வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"சார், கையக் காலை ஒடைக்கச் சொல்லுங்க, செய்றேன். வீரம்மாக்காவையா? என்னா சார் பேசுறீங்க? அந்தக்கா கையால சோறு தின்னுருக்கேன் சார்."

"நானும் தின்றிருக்கிறேன்" என்றேன்.

"ஒங்களுக்குப் பைத்தியமா? தலைவரா சொன்னாரு?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். உங்களிடம் அவன் சொன்ன பொய் அங்கேதான் முளைத்தது. சாவியை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நம்பிக்கையான ஆட்கள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு விளங்கியது.

வியாழக்கிழமை மழை கனத்ததால் கல்லுமலையில் பெண்களை நேரத்தோடே மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். மழை விட்டதும் வீரம்மா விறகுக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். லயத்துக்கு மேலே தைல மரக்காடு. நான் அங்கே ஒதுங்கி நின்றேன். அவள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் கயிறும் கையில் கத்தியுமாக ஏறி வந்தாள். என்னைக் கண்டு பயப்படவில்லை. சிரித்தாள்.

"என்னா சார், கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள நிக்கிறீங்க? ஓட்டுக் கேக்க வந்தீங்களா? எங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே."

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் வீரம்மா."

"அட்டை ஏறப் போவுது, கால்சட்டைய மடிச்சு விடுங்க. வாத்தியாரா இருந்தவரு, அட்டை கடிச்சா அழுதுருவீங்க."

நான் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், ஐயா. இது முக்கியம், தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் படுத்துக்கொள், கடுமையான காய்ச்சல் என்று அண்ணனுக்கு ஆளனுப்பு, சனிக்கிழமை எழுந்துகொள் என்று சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன். அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை.

அவள் ஒரு கிளையை வெட்டிக் கீழே போட்டாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எங்க மாமனாரத் தூக்கி றோட்டுல போடுற சட்டத்துக்கு நான் படுத்துக்கிட்டு ஒத்தாசை பண்ணணுமா? எங்க அண்ணன்கிட்ட நான் பொய் சொல்லிப் பழக்கமில்ல சார். நீங்க போங்க. அண்ணன்கிட்ட இதச் சொல்லமாட்டேன். சொன்னா ஒங்கள வெட்டிப்புடும்."

"கொஞ்சம் யோசித்துப் பார்" என்றேன்.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? இந்தாங்க, வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கட்டத் தூக்கித் தலையில வச்சுவிட்டுப் போங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு விறகைக் கட்டக் குனிந்தாள். நான் கத்தியை எடுத்தேன். முதல் வெட்டு கழுத்தில் விழுந்திருக்க வேண்டும், தோளில் விழுந்தது. எனக்குப் பழக்கமில்லாத வேலை. அவள் திரும்பி என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. "சார்" என்றாள், வகுப்பில் பிள்ளைகள் கூப்பிடுவதைப் போல. கையை விடுவிக்க விரல்களில் வெட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கழுத்து. பிறகு தலையில் சில. எத்தனை என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். மூச்சு நின்றதா என்று குனிந்து பார்த்தேன். பாதி உயிரோடு கிடந்தால் ஆஸ்பத்திரி, வைத்தியம் என்று அண்ணன் அவளைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விடக்கூடும். கோட்டை ஓடையில் கழுவினேன். கத்தியை அங்கேயே விட்டேன். அவளுடைய கத்திதானே.

அழகன் அவளுடைய புருஷன். முதல் நாள் இரவு அவர்களுக்குள் சண்டை என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அவனைப் பிடித்தீர்கள். அதை நான் திட்டமிடவில்லை, ஆனால் ஆட்சேபிக்கவும் இல்லை.

ஆண்டியப்பன் மாலை ரயிலுக்கு ஹட்டன் ஸ்டேஷனில் நின்றார். செய்தி அவருக்கு வழியில் தவறிவிடக்கூடாது என்று நானே போனேன். கையில் சின்னப் பெட்டி. கம்பளிச் சால்வையை அவருக்குப் போர்த்திவிட்டவள் வீரம்மா என்று நினைக்கிறேன். விறகுக்குப் போன இடத்தில் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். ரயில் வந்தது, நின்றது, போனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூசை," என்றார், "கடை பூட்டுறதுக்குள்ள ஒரு சீலை வாங்கணும்டா. அவளுக்குப் பச்சைதான் புடிக்கும்."

நான்தான் கூடப் போய் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்கள் பரிசோதனை முடித்து உடலைக் கொடுக்கப் பிற்பகலாகிவிட்டது. கொழும்பில் சபை கூடியிருக்கும் நேரம். தப்புச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. தலைக்கட்டையும் மீறி இரத்தம் ஊறியிருந்த இடங்களை மறைத்து அவர் அந்தப் பச்சைச் சீலையைப் போர்த்தினார். விரல்கள் இல்லாத கையை எடுத்துச் சீலைக்குள் வைத்தார். நான் சங்கத்துக் கொடியை மேலே விரித்து, அனுதாப உரை ஆற்றினேன். நல்ல உரை. பெண்கள் கதறினார்கள். குழியடியில் ஆண்டியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் இன்னைக்கு என்னா செஞ்சிருப்பேன்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு மனநிறைவு இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கொடுத்த வேலை முடிந்தால் வரும் மனநிறைவுதான்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. மசோதா தோற்றுவிட்டது.

மூன்று தடவை படித்தேன். ஆண்டியப்பனின் தங்கை இறந்த செய்தி காலையிலேயே செனட்டுக்குப் போயிருக்கிறது. அரசாங்கத் தரப்பில் ஒரு வயதான செனட்டர், துக்கத்தில் இருப்பவருக்கு ஈடாகத் தானும் ஓட்டுப் போடுவதில்லை என்று சொல்லி வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சபையின் மரியாதையாம் அது. எதிர்ப்பக்கத்து ஆள் சாவு, நோய் என்று வராமல் போனால் இந்தப் பக்கத்தில் ஒருவர் விலகி நிற்பாராம், வராதவருடைய ஓட்டு வீணாகாமல் இருக்க. எங்கள் தலைவருக்கு வாக்குக் கொடுத்த அந்த அரசாங்கத் தரப்புத் தலைவரே எழுந்து, தங்கையைப் பறிகொடுத்தவர் இல்லாததை வைத்து வெல்வது தமக்கு அழகல்ல என்று பேசியிருக்கிறார். வித்தியாசம் ஒரே ஓட்டு.

தலைவரிடம் பத்திரிகையைக் கொண்டுபோனேன். அவர் கொட்டாவி விட்டார்.

"சாவு வீட்டுக்குப் போனவன் ஓட்ட அங்க திருடமாட்டானுங்க சூசை. பெரிய மனுசனுங்க சபையாச்சே. அது ஒனக்குத் தெரியாதா?"

தெரியாதுங்க என்றேன். நான் அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை. அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் சங்கத்தில் தலைவரிடம் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை. கேட்காததுதான் நான் செய்த தவறு, ஐயா. வேறு தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சாவு இல்லாத ஒரு வழியைத் தேடியிருப்பேன். அல்லது வேறு மாதிரிச் சாவு ஒன்றை.

அழகன் மறியலில் அடைபட்டுக் கிடப்பதைத் தாங்க முடியாமல் கஸ்பர் உங்களிடம் வந்தான். வந்தது சரிதான். அழகனை விட்டுவிடுங்கள். வீரம்மாவை வெட்டியவன் நான், தனியாக, என் கையால், யோசித்து. தலைவருக்கு இதில் பங்கு இல்லை. கையெழுத்தை எங்கே போட வேண்டும்?

நேற்று ஹட்டனில் நிர்வாகக் குழு கூடி என்னைச் சங்கத்தை விட்டு நீக்கியதாகச் சொன்னீர்கள். தலைவரே முன்மொழிந்தாராம். எல்லோரும் கை தூக்கினார்களாம், ஆண்டியப்பனைத் தவிர. சூசையை அனுப்பியது யாரென்று சொல்லிவிட்டுப் பிறகு தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள் என்று கத்தினாராம், அதனால் அவரையும் அதே கூட்டத்தில் நீக்கிவிட்டார்களாம். எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொந்தத் தங்கையைக் கொன்றவனை வெளியேற்றும்போதுகூட அண்ணனால் தலைவரோடு சேர்ந்து நிற்க முடியவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பேன்.